சோறு ஒருவரிடம், தண்ணீர் ஒருவரிடம்

பங்குனி வெயில் சுடத் தொடங்கிய வாரத்தில், கோவைக்குத் தெற்கே, தென்னந்தோப்பை அழித்துக் கட்டிய செங்காட்டு நகரில், லிஃப்ட்டுக்கென்று குழியை மட்டும் விட்டுவிட்டு லிஃப்ட்டை மறந்துபோன சி பிளாக்கில், படிக்கட்டு வளர்ந்து மலையாகிவிட்டது. தெருவில் நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அதே மூன்று மாடி, அதே வெளிறிய மஞ்சள் பெயிண்ட், மொட்டை மாடிக் கொடியில் அதே லுங்கியும் பாவாடையும். உள்ளே போய்க் கைப்பிடியைப் பிடித்து ஏறியவருக்குத்தான், ஏற ஏறப் படி வந்துகொண்டே இருப்பதும், முதல் மாடித் திருப்பத்தில் காற்று குளிர்வதும், மீட்டர் பெட்டிக்கு அடியில் சுனை கசிவதும், இரண்டாம் மாடிக்குக் கீழே சுவரெல்லாம் பெரணி முளைத்து அட்டைகள் நெளிவதும், அதற்கும் மேலே போனால் படியின் இரண்டு பக்கமும் புல்வெளி விரிந்து மூடுபனியாக மஞ்சு இறங்குவதும் தெரிந்தது. முதலில் கண்டவன் பால் பாக்கெட் போடும் மாணிக்கம். மூன்றாம் மாடிக்கு ஒரே ஒரு பாக்கெட்டோடு விடியலில் ஏறியவன் பொழுது சாய்ந்துதான் இறங்கி வந்தான். "மேல ரொம்பக் குளுருதுங்க, இனி ஸ்வெட்டர் இல்லாம ஏற மாட்டேன்" என்று குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் சொல்லிவிட்டு, மிச்சப் பாலைக் கொடுக்க அடுத்த தெருவுக்குப் போய்விட்டான்.

அந்த ஒரு பாக்கெட் துளசிமணிக்கு. பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், அறுபதைத் தொடப்போகிறவள், கணவர் காலமாகிவிட்டார், பிள்ளை இல்லை. மூன்றாம் மாடியில் இருந்தது இரண்டே வீடு. எதிர் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தார், அவருடைய பூட்டு மட்டும் இங்கே இருந்தது. துளசிமணியைப் பார்க்கவென்று யாரும் மாடி ஏறி வந்ததில்லை. அவள் மேல் யாருக்கும் கோபம் கிடையாது. மாடி உயரம், அவ்வளவுதான். பண்டிகைக்குப் பலகாரம் கொடுப்பவர்கள் கூட அவள் கீழே இறங்குகிற நேரம் பார்த்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். தனிமை அவளுக்கு வலித்தது. அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை, சொல்வதற்கு ஆள் இருந்தால் அப்புறம் தனிமை என்ன தனிமை.

படிக்கட்டு வளர்வதற்கு முன்பே, மாசி மாதத்திலேயே, அவள் மலையேறத் தயாராகிக்கொண்டிருந்தாள். பூங்காவில் காலையில் நடப்பவர்கள் சேர்ந்து வருடத்துக்கொரு மலை ஏறுவார்கள். வருகிற சித்திரைக்குத் தொட்டில்முடி என்று முடிவாகியிருந்தது. கூட்டிப்போகிறவர் நஞ்சப்பன், டிரில் மாஸ்டராக இருந்தவர், இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை விசில் ஊதாவிட்டால் அவருக்குப் பேச்சு வராது. அவருடைய கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் ஜோடி ஜோடியாகத்தான் நடக்க வேண்டும். ஜோடியில் ஒருவர் இரண்டு பேருக்குமான சோற்றைச் சுமப்பார், மற்றவர் இரண்டு பேருக்குமான தண்ணீரைச் சுமப்பார். கால் வேகம் உள்ளவர் முன்னால் ஓடினால் ஒன்று பட்டினி கிடக்க வேண்டும், இல்லையென்றால் நாக்கு வறள வேண்டும்; அதனால் யாரும் யாரையும் விட்டுப் போவதில்லை, கோபித்துக்கொண்டு கூடப் போவதில்லை.

"நான் ஒத்தையா வர்றனுங்க. சோறு தண்ணி ரெண்டையும் நானே தூக்கிக்கறேன்" என்றாள் துளசிமணி.

"அதெப்படீங்க டீச்சர்?" நஞ்சப்பன் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ரெண்டும் உங்ககிட்டயே இருந்தா நீங்க யாருக்காக நிப்பீங்க? உங்களுக்காக யாரு நிப்பாங்க? ஃபாரஸ்ட் செக்போஸ்ட்லயே ஒத்தை ஆள விட மாட்டாங்க. வண்டி கெளம்பறதுக்குள்ள ஒரு ஜோடியப் புடிச்சுட்டு வந்துருங்க."

"புடிச்சர்றனுங்க" என்றாள் அவள், கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கி வருகிறவளைப் போல.

மற்றதெல்லாம் பிடிப்பது சுலபமாகத்தான் இருந்தது. ஷூ வாங்கினாள், புது ஷூவோடு மலைக்குப் போனால் கால் கொப்பளித்துவிடும் என்று அதைப் போட்டுக்கொண்டே சமைத்தாள், போட்டுக்கொண்டே டி.வி. பார்த்தாள், தடித்த காலுறை வாங்கினாள், அட்டைக்கு உப்பும் புகையிலைத் தூளும் சேர்த்துத் துணியில் முடிந்து முடிச்சுகளாக வைத்தாள், இறங்கும்போது விரல் முட்டி நகம் கறுத்துவிடும் என்று நஞ்சப்பன் சொன்னதால் கால் நகங்களை ஒட்ட வெட்டினாள், கடலை மிட்டாயும் எலுமிச்சையும் பனங்கற்கண்டும் டார்ச்சும் மாற்று பேட்டரியும் மழைக்கோட்டும் விசிலும் வாங்கி வாங்கிக் கட்டிலின் மேல் பரப்பி, எடுத்துப் பார்த்து, மடித்து, மறுபடி பரப்பினாள். பிறகு பையில் அரிசியைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, காலையிலும் மாலையிலும் மூன்று மாடியையும் ஏறி இறங்கிப் பழகினாள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் நெஞ்சுக்கு நல்லது, பேச்சு நின்றால் நடையைக் குறைக்க வேண்டும் என்பது நஞ்சப்பனின் இன்னொரு பாடம். யாரோடு பேசுவது? அவள் பழைய ஜாக்கெட் அளவுகளைச் சொல்லிக்கொண்டே ஏறினாள். சோல்டர் பதினாலு, கை பத்து, கழுத்து எறக்கம் ஏழு என்று, யாருடைய அளவு என்று மறந்துபோனவர்களின் அளவுகளையெல்லாம் சொல்லிக்கொண்டே, முதல் மாடியையும் இரண்டாம் மாடியையும் தாண்டிப் போனாள். கதவுக்குப் பின்னால் இருந்தவர்கள் டீச்சர் போனில் பேசுவதாக நினைத்துக்கொண்டார்கள்.

அப்படி ஒரு நாள் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் அளவுகள் தீர்ந்துபோயும் படிகள் தீரவில்லை. அவள் நின்று மூச்சு வாங்கி, மறுபடியும் முதல் அளவிலிருந்து ஆரம்பித்தாள்.

காரணத்தை யாரும் பெரிதாகத் தேடவில்லை. கட்டிக்கொடுத்தவர் ஒரு எஞ்சினியரை அனுப்பினார். அவர் வெளியே டேப் பிடித்து அளந்து எல்லாம் பிளான்படி சரியாக இருக்கிறது என்றார், உள்ளே போய் முதல் மாடி வரை ஏறி, மூக்கின் நுனி வெயிலில் உரிந்து இறங்கி வந்து, இது பராமரிப்பில் வராது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். செயலாளர் தேவராஜன் முதல் மாடிக்காரர். சங்கக் கூட்டத்தைச் சுனைக்கரையில் கூட்டினார். மலையேறுவதைப் பற்றி ஏதாவது தெரிந்தவர் யார் என்று கேட்டபோது எல்லோரும் துளசிமணியைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை வருடத்தில் அத்தனை பேர் ஒன்றாக அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் எழுந்து நின்றாள், பழக்க தோஷத்தில் கரும்பலகை இருக்கிறதா என்று பின்னால் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். உப்பு முடிச்சைப் பற்றிச் சொன்னாள், நகத்தைப் பற்றிச் சொன்னாள், பேசிக்கொண்டே ஏறுவதைப் பற்றிச் சொன்னாள், கடைசியில் சோற்றையும் தண்ணீரையும் பற்றிச் சொன்னாள். எல்லோருக்கும் பிடித்துப்போனது. தனியாக யாரும் படியேறக் கூடாது, சோறு ஒருவரிடம் தண்ணீர் ஒருவரிடம் என்று அன்றைக்கே சங்கத்தில் விதியாகிவிட்டது.

சி பிளாக் மலைக்குப் பழகிவிட்டது. இத்தனை நாள் மலை இல்லாமல் எப்படி இருந்தோம் என்று ஆச்சரியப்படும்படி பழகிவிட்டது. இரண்டாம் மாடி ஆண்களில் சிலர் திங்கட்கிழமை வேலைக்கு இறங்கினால் சனிக்கிழமைதான் ஏறினார்கள், சில மனைவிகள் அதற்காகப் படிக்கட்டைக் கும்பிட்டார்கள். வரையாடு ஒன்று வந்து கறிவேப்பிலைத் தொட்டியை மேய்ந்துவிட்டுப் போவதை முதல் நாள் படம் பிடித்தவர்கள் அடுத்த வாரமே செருப்பை எறிந்து துரத்தினார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வருபவர்கள் கீழேயே நின்று போன் செய்தார்கள். தண்ணீர் மோட்டார் தகராறில் இரண்டு வருடமாக முகம் கொடுக்காமல் இருந்த செயலாளரின் மனைவியும் இரண்டாம் மாடிக் கல்பனாவும், வேறு ஜோடி கிடைக்காமல் ஒரு நாள் ஒன்றாக ஏறி, சோறும் தண்ணீரும் மாற்றிக்கொண்டு, சுனைக்கரையில் உட்கார்ந்து ஒருவர் காலில் இருந்த அட்டையை ஒருவர் எடுத்துவிட்டு, வீடு வந்து சேர்வதற்குள் நகைச்சீட்டு வரை பேசி முடித்திருந்தார்கள். சர்க்கரை குறைந்தது, தொப்பை குறைந்தது. பேச்சு மட்டும் கூடியது. பேசாமல் ஏறினால் நெஞ்சுக்கு ஆகாது என்று டீச்சரே சொல்லியிருக்கிறாரே.

துளசிமணி எல்லோருக்கும் பை தைத்தாள். ஒரே துணியில் இரண்டு பை, ஒன்று சோற்றுக்கு, ஒன்று தண்ணீருக்கு. துணியைப் பார்த்தாலே யாருக்கு யார் ஜோடி என்று தெரிந்துவிடும். பச்சைக் கட்டம் செயலாளர் மனைவிக்கும் கல்பனாவுக்கும், ஊதாப் பூ தேவராஜனுக்கும் அவர் மச்சானுக்கும், கோடு போட்டது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. மிச்சமிருந்த சிவப்புத் துணியில் தனக்கும் இரண்டு தைத்துக்கொண்டாள். இரண்டையும் அவளே, வலது தோளில் ஒன்று இடது தோளில் ஒன்று என்று மாட்டிக்கொண்டு ஏறினாள். இரண்டாம் மாடி வரை யாராவது கூட வருவார்கள், சளசளவென்று பேசிக்கொண்டு வருவார்கள், பிறகு "பாத்துப் போங்க டீச்சர்" என்று அவரவர் கதவுக்குள் போய்விடுவார்கள். அதற்கு மேலே புல்வெளியும் மஞ்சும் அவளும்தான். சோல்டர் பதினாலு, கை பத்து.

இதில் விசித்திரம் என்னவென்றால், பால்கனிக்கு வந்தால் அவள் எல்லோருக்கும் பக்கத்தில் இருந்தாள். பால்கனி மலையில் சேரவில்லை. அது பழையபடி மூன்றாம் மாடி உயரத்தில்தான் இருந்தது, தெருவில் தும்மினால் கேட்டது. அதனால் அவள் கூடையில் கயிறு கட்டி இறக்குவாள், தரை வீட்டு மயிலாத்தாள் அதில் கீரையும் பாலும் ஒரு பாத்திரம் தோசை மாவும் வைத்து, கயிற்றை இரண்டு முறை ஆட்டுவாள், கூடை மேலே போகும். மயிலாத்தாள் நாற்பது வயதுக்காரி, வீட்டிலேயே மாவு அரைத்து விற்பவள். புருசன் லாரி ஓட்டிக்கொண்டு நாக்பூர், இந்தூர் என்று மாதக் கணக்கில் போய்விடுவான். துளசிமணிக்கு வேண்டியதெல்லாம் கயிற்றில் வந்து சேர்ந்தது, மாத்திரை வந்தது, தந்தி பேப்பர் வந்தது, பால்கனித் தொட்டிக்கு மண் கூட வந்தது. கயிற்றில் வராதது மனிதர்கள்தான். வேண்டியதெல்லாம் வந்துவிடுவதால் அவளுக்கு ஆள் வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

ஜோடி கிடைக்கவில்லை. சித்திரை பிறந்ததும் அவள் ஒவ்வொருவராகக் கேட்டாள், சுனைக்கரையில் வைத்துக் கேட்டாள், பெரணிக் காட்டில் வைத்துக் கேட்டாள், வெட்கத்தை விட்டு இரண்டாம் தடவையும் கேட்டாள்.

"அன்னிக்குக் குலதெய்வம் கோயிலுக்குப் போறமுங்க" என்றாள் செயலாளரின் மனைவி.

"தெனம் தெனம் ஒரு மலையத்தான ஏறீட்டு இருக்கறோம், லீவு நாள்ல இன்னொரு மலையா டீச்சர்?" என்று சிரித்தாள் கல்பனா. "நீங்களும் எதுக்குங்க இன்னொரு மலைக்குப் போறீங்க? உங்க வீட்டுக்குப் போறதே மலைதான?"

கல்பனா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் துளசிமணிக்கு அன்று அழுகை வந்தது. மலை அவளுக்கு வேண்டியதில்லை, அவள் கேட்டது மலையையும் இல்லை. கூட ஒருவர் வரும் மலை என்பது வேறு மலை. அதை எப்படிச் சொல்வது, யாரிடம் சொன்னாலும் கிறுக்கி என்பார்கள். படி வளராத காலத்தில் முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லியிருப்பார்கள், அதையாவது நம்பியிருக்கலாம். இப்போது பிளாக்கில் எல்லோருக்கும் வரையாட்டுக் கால், சாக்குக்குப் பதில் சிரிப்புதான் இருந்தது.

மயிலாத்தாளை அவள் கேட்கவே இல்லை. தரை வீட்டுக்காரி; அவளுக்குப் படியே கிடையாது; ஒரு படி ஏறிப் பார்க்காதவளை மலைக்குக் கூப்பிடுவது எப்படி என்று துளசிமணி நினைத்தாள், பிளாக்கே அப்படித்தான் நினைத்தது. சங்கக் கூட்டம் சுனைக்கரைக்குப் போன பிறகு மயிலாத்தாளை யாரும் கூட்டத்துக்கு அழைக்கவில்லை. அவளுக்குப் பை தைக்கவில்லை, ஜோடி சொல்லவில்லை. காலையில் பிளாக்கே அவள் வாசலைத் தாண்டி ஜோடி ஜோடியாக வெளியே போனது, உடம்பெல்லாம் பச்சிலை வாசத்தோடும் ஆட்டைப் பார்த்த கதையோடும். மாலையில் அவள் வாசலைத் தாண்டியே உள்ளே போய் மேலே மறைந்தது. மாவு வாங்க நிற்பவர்கள் கூட ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டு அவளிடம் பாத்திரத்தை மட்டும் நீட்டினார்கள். ஒரே கட்டடத்தின் உச்சியில் ஒருத்தியும் அடியில் ஒருத்தியும் அப்படி இருந்தார்கள். கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்திருந்தும் ஒருத்திக்கு மற்றவளைத் தெரியவில்லை.

வண்டி கிளம்பும் நாள் வந்தது. சாயங்காலம் பூங்கா வாசலில் வண்டி நிற்கும், அடிவாரத்தில் படுத்து எழுந்து விடியலில் ஏற்றம். துளசிமணி விடிவதற்குள் புளிசாதம் கிளறினாள். பழைய கைப்பழக்கத்தில் இரண்டு பேருக்கான அரிசி போட்டுவிட்டாள், அல்லது வேண்டுமென்றேதான் போட்டாள். தண்ணீரும் இரண்டு பேருக்கு. செக்போஸ்ட்டில் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம், ஜோடி பின்னால் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லலாம், விடாவிட்டால் அடிவாரத்திலேயே உட்கார்ந்து மற்றவர்கள் ஏறுவதைப் பார்த்துவிட்டு வரலாம் என்று எண்ணிக்கொண்டு, இரண்டு சிவப்புப் பைகளையும் இரண்டு தோளில் மாட்டி, கதவைப் பூட்டி, மஞ்சுக்குள் இறங்கினாள்.

கீழே மயிலாத்தாள் வழக்கமான நேரத்துக்குக் கூடை வராததைப் பார்த்தாள். மேலே பார்த்தாள், பால்கனிக் கதவு சாத்தியிருந்தது. சுனைக்கரையில் நடந்து முடித்து இறங்கி வந்த தேவராஜனைக் கேட்டாள்.

"டீச்சர் இன்னிக்கு மலைக்குப் போறாங்கல்ல, தொட்டில்முடிக்கு. எறங்கீட்டு இருப்பாங்க" என்றார் அவர்.

"கூட யாருங்க?"

"யாருமில்ல. தனியாத்தான்."

"தனியாவா? அத்தன தூரமுமா?"

"அவங்களுக்குப் பழக்கந்தான மயிலாத்தா" என்று சொல்லிவிட்டு அவர் பைக்கை உதைத்தார்.

மயிலாத்தாள் கிரைண்டரை நிறுத்தினாள். பாதி அரைந்த உளுந்தை ஒரு தட்டால் மூடினாள். புருசன் லாரிக்குக் கொண்டுபோகும் அஞ்சு லிட்டர் கேனை நிறையத் தண்ணீர் பிடித்தாள், சேலையை இழுத்துச் செருகினாள், ரப்பர் செருப்போடு முதல் படியில் காலை வைத்தாள். முதல் மாடியில் செயலாளரின் மனைவி கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்தவள் இவளைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "ஏனுங்க மயிலாத்தா, ஒத்தையா எங்க ஏறறீங்க? சோறு எங்க?"

"சோறு டீச்சர்கிட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு மயிலாத்தாள் நிற்காமல் ஏறினாள்.

அவளுக்கு ஏறத் தெரியாது. வேகமாக ஏறி நெஞ்சு அடைத்து உட்கார்ந்தாள், உட்கார்ந்த இடத்தில் அட்டை கடித்தது, பாசியில் வழுக்கி முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள், ஒரு செருப்பு வார் அறுந்ததும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றைச் செருப்போடு நடந்தாள், அதுவும் சரிப்படாமல் இரண்டையும் விட்டுவிட்டு வெறும் காலோடு நடந்தாள். இரண்டாம் மாடியில் கல்பனா ஜன்னலிலிருந்து, "டீச்சர் இன்னும் இந்த வழி வர்லீங்களே, நீங்க கீழயே இருந்தா அவங்களே வந்துருவாங்க" என்று கத்தினாள். மயிலாத்தாளுக்குப் பதில் சொல்ல மூச்சில்லை, கையை மட்டும் ஆட்டினாள். இரண்டாம் மாடிக்கு மேலே அதுவரை துளசிமணியையும் மாணிக்கத்தையும் தவிர யாரும் போனதில்லை. புல் அவள் இடுப்பளவு இருந்தது.

உச்சிப்பொழுது தாண்டியிருக்கும். மஞ்சுக்குள்ளிருந்து ஒரு குரல் இறங்கி வருவது மயிலாத்தாளுக்குக் கேட்டது. மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பது, சோல்டர் பதினாலு என்று சொல்லிக்கொண்டே, இரண்டு தோளிலும் இரண்டு சிவப்புப் பையோடு துளசிமணி வந்தாள். எதிரே ஒரு மனித உருவத்தைக் கண்டதும் அவள் பயந்துபோய் விசிலை எடுத்து ஊதிவிட்டாள்.

"நான்தானுங்க டீச்சர்!"

"மயிலாத்தாளா? என்னாச்சுங்க? கீழ யாருக்காச்சும் என்னமாச்சும் ஆயிப்போச்சா?"

"ஒண்ணும் ஆகலீங்க. தண்ணி கொண்டாந்தேன்." மயிலாத்தாள் கேனைப் படியில் வைத்தாள், பக்கத்திலேயே தானும் உட்கார்ந்தாள். "சோறு நீங்க வெச்சிருப்பீங்கன்னு நான் ஒண்ணும் எடுக்கலை. காலைல குடிச்ச காப்பிதான். பசி உசுர் போகுதுங்க."

துளசிமணி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெறும் காலில் ரத்தம் வழிந்ததைப் பார்த்தாள், தேய்ந்த முழங்கையைப் பார்த்தாள், உளுந்து மாவு காய்ந்திருந்த விரல்களைப் பார்த்தாள்.

"நான் எறங்கி வந்துருப்பனே. கீழயே நின்னிருக்கலாமில்லீங்க?"

"நின்னிருக்கலாந்தான். ஆனா இத்தன தூரமும் நீங்க தனியா எறங்கோணுமல்ல."

துளசிமணி இடது தோளிலிருந்து தண்ணீர்ப் பையைக் கழற்றினாள், பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தாள், உள்ளே இருந்த தண்ணீர் அத்தனையையும் புல்லின் மேல் கவிழ்த்துவிட்டாள். கடைசிச் சொட்டும் விழுந்து முடிகிற வரை பொறுமையாகப் பிடித்திருந்தாள். பிறகு மயிலாத்தாளுக்கு எதிரே உட்கார்ந்து, "எனக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள்.

மயிலாத்தாள் கேனைச் சாய்த்தாள், துளசிமணி இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். பிறகு புளிசாதத்தை அவிழ்த்தாள். அட்டை கடித்த இடத்தில் உப்பு முடிச்சை வைத்து ஒற்றிவிட்டாள், தன் மாற்றுக் காலுறையை மயிலாத்தாளின் காலில் மாட்டிவிட்டாள். மயிலாத்தாள் ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் பேசினாள், நிறையப் பேசினாள், இந்தூரிலிருந்து இன்னும் போன் வராததை, கிரைண்டர் கல் தேய்ந்துபோனதை, கீழே உட்கார்ந்து எல்லோருடைய காலையும் பார்த்துக்கொண்டே இருந்து செருப்பை வைத்து ஆளைச் சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டதை. "எல்லாரும் மலை மலைங்கறாங்க, எனக்கு மட்டும் அது காமிக்கவே இல்லீங்க டீச்சர். அழுவாச்சியா வரும்." துளசிமணி இடையிடையே "அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

வெயில் சாய்ந்தபோது போன் அடித்தது. நஞ்சப்பன்தான், பின்னால் வண்டி உறுமுவதும் விசிலும் கேட்டன.

"டீச்சர், எங்க இருக்கறீங்க? ஜோடி கெடச்சுதா? வண்டி கெளம்பப் போகுதுங்க."

துளசிமணி மயிலாத்தாளின் காலைப் பார்த்தாள். இவளோடு இறங்கினால் வண்டியைப் பிடிக்க முடியாது, இவளை விட்டுவிட்டு ஓடினால் மட்டும் ஒருவேளை பிடிக்கலாம்.

"கெடச்சுதுங்க. நீங்க கெளம்புங்க" என்றாள். "நாங்க ஏறீட்டிருக்கறோம்."

போனை வைத்துவிட்டு எழுந்தாள். கீழே போகக் கால் தாங்காது, வீடு பக்கம், வந்து மருந்து போட்டுக்கொண்டு படுத்து எழுந்து போகலாம் என்றாள். வீடு பக்கம் என்று அவள் வாயிலிருந்து வந்தது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. சோற்றுப் பையை அவள் எடுத்துக்கொண்டாள், கேனை மயிலாத்தாள் எடுத்துக்கொண்டாள். இருவரும் பேசிக்கொண்டே ஏறினார்கள், மூச்சு வாங்கினால் நின்றார்கள், நின்றால் இன்னும் அதிகமாகப் பேசினார்கள். ஒரு வரையாடு குட்டியோடு படியை மறித்து நின்றது, மயிலாத்தாள் "அய்யோ, சாமி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள், அது ஒதுங்கி வழி விட்டது. அன்றைக்குப் படிகள் குறைந்திருந்தனவா, இல்லை அதே அளவுதானா என்று இருவருமே கவனிக்கவில்லை. அடுத்த நாள் பிளாக்கில் கேட்டவர்களுக்கும் அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மூன்றாம் மாடி வந்தது. துளசிமணி சாவியைப் போட்டுத் திறந்தாள். மயிலாத்தாள் கேனைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே உள்ளே நுழையப் போனாள்.

"இருங்க, இருங்க" என்று துளசிமணி கையை நீட்டித் தடுத்தாள்.

"என்னங்க டீச்சர்?"

"நீங்க இங்கயே நில்லுங்க. நான் உள்ள போயிக் கதவச் சாத்திக்கறேன். அப்பறம் நீங்க பெல் அடிங்க."

மயிலாத்தாளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் களைப்பில் தலையை ஆட்டிவிட்டு நின்றாள். கதவு சாத்தியது. உள்ளே தாழ் போடும் சத்தமும் கேட்டது. கதவின் ஓரத்தில், பெயர்ப் பலகைக்குக் கீழே, வெள்ளை சுவிட்ச் ஒன்று வாங்கியபடியே பளபளவென்று இருந்தது. மயிலாத்தாள் சேலையில் விரலைத் துடைத்துக்கொண்டு அதை அழுத்தினாள். உள்ளே பெல் குருவியாகக் கத்தியது.

யாரும் வரவில்லை. காலடிச் சத்தம் கூட இல்லை. அவள் காத்திருந்தாள், ஏதாவது தப்பாக அழுத்திவிட்டோமோ என்று நினைத்தாள், கதவில் காதை வைத்தாள். மரத்துக்கு அந்தப் பக்கம், மிகப் பக்கத்தில், மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"டீச்சர்?"

"இன்னொருக்கா அடிங்க" என்றது உள்ளிருந்த குரல்.

மயிலாத்தாள் இன்னொருக்கா அடித்தாள், இந்தத் தடவை விரலை எடுக்காமல் நீளமாக அடித்தாள். தாழ் விலகியது. துளசிமணி முகத்தைக் கழுவி, தலையை ஒதுக்கி, கதவை அகலத் திறந்து நின்றாள்.

"அடடே, மயிலாத்தாளா! வாங்க, வாங்க" என்றாள். "இத்தன தூரம் எப்படி வந்தீங்க?"